தட்டுமுட்டுச் சாமானில் வரும் ‘முட்டு’ எது?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஊர்ப் பள்ளியில் ஓர் அறையை ஒதுக்கி, பழைய வீட்டுப் பொருள்களைச் சேர்த்து வைக்கிறீர்கள். உரல், உலக்கை, முறம், உறி எல்லாம் வந்துவிட்டன. அறைக்குத் ‘தட்டுமுட்டுச் சாமான்கள்’ என்று பெயர் வைக்கலாம் என்று நீங்கள் சொல்ல, அது ஓட்டை உடைசலைக் குறிக்கும் சொல், வேண்டாம் என்று சிலர் மறுக்கிறார்கள். தட்டு என்றால் தெரிகிறது, முட்டு என்றால் என்ன, இந்தச் சொல் எப்படி வந்தது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முட்டு என்றால் கருவி. வேலைக்கு வேண்டிய பொருள், கையில் எடுத்துப் புழங்கும் சாமான் என்ற பொருளும் அதற்கு உண்டு. தட்டுக்கு எதுகையாக இருக்கட்டும் என்று சும்மா சேர்த்த சொல் அது இல்லை. ஓட்டை உடைசல் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தலைப்பைத் தாராளமாக வையுங்கள். இனி, ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைப் பார்ப்போம்.

பலர் நினைப்பது போல முட்டு ஒரு வெற்று ஒலி என்றே வைத்துக்கொள்வோம். தமிழில் ஒரு சொல்லுக்குப் பின்னால் பொருளில்லாத எதிரொலி சேர்க்க ஒரு வழக்கம் இருக்கிறது. காப்பி கீப்பி, சட்டி கிட்டி, புலி கிலி என்போம். முதல் எழுத்து எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் கி அல்லது கீ வந்து உட்காரும். இந்த வழக்கப்படி பார்த்தால் தட்டுக்கு எதிரொலி ‘தட்டு கிட்டு’ என்றுதான் வரவேண்டும். ‘ஒரு தட்டு கிட்டு இருந்தா குடு’ என்று இன்றும் கேட்கிறோம். தட்டுமுட்டு அந்த வகையில் சேராது.

இரட்டைக்கிளவியும் இல்லை. ‘இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்து இசையா’ என்கிறது தொல்காப்பியம். சலசல, கலகல என்பவைபோல ஒரே சொல் இரட்டித்து நின்று, பிரித்தால் பொருள் தராதவை அவை. இங்கே இருப்பதோ இரண்டு வேறு சொற்கள்.

ஆக இது இணைமொழி. நிலபுலம், காடுகரை, ஆடுமாடு, தோட்டம்துரவு போன்ற கூட்டம். இந்தக் கூட்டத்தில் அடிக்கடி ஒன்று நடக்கும். இரண்டு சொல்லில் ஒன்று தனியாக வழக்கொழிந்து போய், ஜோடியில் மட்டும் பிழைத்திருக்கும். தோட்டம்துரவில் வரும் துரவு என்றால் கிணறு. ‘துரவில் தண்ணீர் இருக்கிறதா’ என்று இன்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ‘தோட்டம் துரவோட நல்லா இருக்கான்’ என்பது எல்லாருக்கும் விளங்குகிறது. அல்லும் பகலும் என்பதில் அல் என்றால் இரவு. அதுவும் அப்படித்தான். முட்டுவின் கதையும் இதேதான் என்பது என் முடிவு.

முட்டு தனியாக வாழ்ந்ததற்கு என்ன சான்று? அகராதிகள் ஒருபக்கம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியிலேயே தட்டுமுட்டு என்றால் வீட்டுச் சாமான்கள், கருவிகள் என்றுதான் இருக்கிறது. முட்டு என்பதற்கும் மற்றப் பொருள்களோடு கருவி என்ற பொருளையும் பார்க்கலாம். அதைவிடப் பெரிய சான்று நமக்கு வடக்கே, நாள்தோறும் புழங்கும் பேச்சில் இருக்கிறது. தெலுங்கில் கருவி என்பதற்குச் சாதாரணச் சொல்லே ‘பனிமுட்டு’தான். பனி என்றால் வேலை, நம்முடைய பணி. பன்மையில் பனிமுட்லு என்பார்கள். உழவுக் கருவிகள் ‘வியவசாய பனிமுட்லு’. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் இது. கன்னடத்திலும் முட்டு என்பதற்குக் கருவி என்ற பொருள் உண்டு. மலையாளத்தில் தட்டுமுட்டு அப்படியே நம்மைப் போல ஜோடியாகவே இருக்கிறது, பக்கத்தில் சாமானையும் சேர்த்துக்கொண்டு.

ஒரு சொல் தமிழில் ஜோடியில் மட்டும் நிற்கிறது, தெலுங்கில் வேறொரு கூட்டில் உயிரோடு நடமாடுகிறது என்றால், அது நேற்றுச் சந்தத்துக்காகச் சேர்த்த ஒலியாக இருக்க முடியாது. இந்த மொழிகள் பங்காளிகளாகப் பிரியும் முன்போ, பிறகு அண்டை வீட்டாராகக் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தபோதோ, இவற்றுக்கெல்லாம் பொதுவாகப் புழங்கிய சொல் அது.

தமிழ்நாட்டு உழவர் பேச்சிலும் இதன் நிழல் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ‘முட்டுவழிச் செலவுகூடத் தேறல’ என்று வெள்ளாமை கெட்ட வருடத்தில் சொல்வார்கள். விதை, உரம், உழவு, கூலி என்று ஒரு வெள்ளாமைக்குப் போட்ட முதல்தான் முட்டுவழிச் செலவு. வேலைக்கு வேண்டியதைத் திரட்டும் செலவு என்று பிரித்துப் பார்த்தால், தட்டுமுட்டில் வரும் அதே முட்டு இங்கேயும் கைகொடுக்கிறது. இந்தக் கடைசி இணைப்பு என் கணிப்பு. தெலுங்குச் சான்று அளவுக்கு இதை அழுத்திச் சொல்லமாட்டேன்.

சரி, தட்டு? இது எளிது. தட்டித் தட்டித் தட்டையாக்கியது தட்டு. தட்டை, தட்டம், தட்டு மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பொன்னைத் தட்டி வேலை செய்கிறவர் தட்டார். சாப்பிடும் தட்டோடு இது நிற்கவில்லை. தராசுத் தட்டு, மூங்கில் தட்டு, பூசைத் தட்டு, அலமாரியின் மேல்தட்டு என்று பரந்து தட்டையாக எது இருந்தாலும் அது தட்டுதான். ஆகவே தட்டுமுட்டு என்றால் ஏந்தவும் பரப்பவும் வைக்கவும் ஆன பொருள்களும், வேலை செய்யும் கருவிகளும். உங்கள் அறையில் முறமும் உலக்கையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன அல்லவா? அந்த இரண்டு வகையும் சேர்ந்ததற்குத்தான் இந்தப் பெயர்.

சாமான் மூன்றாவதாக வந்து சேர்ந்தது. பாரசீகச் சொல், இந்துஸ்தானி வழியாக நமக்கு வந்தது. பொருளைப் பார்த்தால் அதற்கு அங்கே வேலையே இல்லை. தட்டுமுட்டு என்றாலே சாமான்தான். ஆனால் முட்டு மறந்துபோன பிறகு, ஜோடிக்கு என்ன பொருள் என்று காதுக்குச் சொல்ல ஒரு தெரிந்த சொல் தேவைப்பட்டிருக்கிறது. ஆங்கிலக் ‘கேட்’ (gate) என்றாலே வாசல்தான், இருந்தும் கேட்டுவாசல் என்று சொல்கிறோமே, அதே மாதிரி. எழுதும்போது ‘தட்டுமுட்டுச் சாமான்’ என்று ச் போட்டு எழுதுங்கள். ‘ட்டு’ என்று முடியும் வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும். பெயர்ப்பலகை என்பதால் சொல்கிறேன், பிள்ளைகள் தினம் பார்க்கப்போகிறார்கள்.

இனி, ஊரில் உலவும் விளக்கங்கள். மூன்று இருக்கின்றன.

ஒன்று, வீடு மாறும்போது வண்டியில் ஒன்றோடொன்று தட்டி முட்டிச் சத்தம் போடுவதால் தட்டுமுட்டு என்பது. இன்னொன்று, நடக்கும்போது காலில் தட்டும், முட்டும், அதனால் அந்தப் பெயர் என்பது. இரண்டும் கேட்க நன்றாக இருக்கின்றன. அந்தச் சத்தம் எல்லாருக்கும் பழக்கமானதால் இந்த விளக்கம் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. ஆனால் பனிமுட்டு என்ற தெலுங்குச் சொல்லை இவை விளக்குமா? அங்கே தட்டும் இல்லை, சத்தமும் இல்லை. ஒற்றை அரிவாளும் பனிமுட்டுதான். அது எதன்மேலும் முட்டவேண்டியதில்லை.

மூன்றாவது கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது. தட்டுப்பாடு என்றால் பற்றாக்குறை, முட்டுப்பாடு என்றாலும் பற்றாக்குறை. எனவே தட்டுமுட்டு என்பது தட்டுப்பட்ட, முட்டுப்பட்ட ஏழை வீட்டின் பொருள் என்பார்கள். முட்டுப்பாடு என்ற சொல் உண்மையானது, பழையதும்கூட. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் இதன் வினை நிறைய வரும். அணையாமல் எரியும் நந்தாவிளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்து, ‘சாவா மூவாப் பேராடு’, அதாவது சாகாத, மூப்படையாத ஆடுகள் என்று அவற்றைச் சொல்லி, விளக்குக்கு நாள்தோறும் நெய் ‘முட்டாமல்’ அளக்கவேண்டும் என்று வெட்டிவைப்பார்கள். இங்கே முட்டாமல் என்றால் தடைப்படாமல், குறைவுபடாமல். முட்டுச்சந்து, முட்டுக்கட்டை எல்லாம் இந்தத் தடை என்ற பொருளில் வருபவை. ஒலி ஒன்றாக இருப்பதால் இதையும் கருவியையும் கலக்கக்கூடாது. இல்லாமையைச் சொல்லும் இரண்டு சொற்களைச் சேர்த்து ஒரு வீட்டில் இருக்கும் அத்தனை பொருளுக்கும் பெயர் வைத்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கருவியான முட்டுக்கு வேர் எது என்று அடுத்த கேள்வி வரும். கன்னடத்திலும் தெலுங்கிலும் முட்டு என்ற வினைக்குத் தொடு என்று பொருள். தொட்டுப் புழங்குவது முட்டு என்று கொள்வது எனக்கு நேராகப் படுகிறது. தமிழில் மோது, இடி என்ற பொருள்தான் முன்னால் நிற்கிறது, தொடுவது பின்னால் போய்விட்டது. அதனால்தான் நம் காதுக்குச் சத்தம் முதலில் கேட்கிறது.

ஒரு கூட்டுச்சொல்லுக்குள் பழைய சொல் ஒளிந்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் உங்கள் அறையிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. விளக்குமாறு. இதில் வரும் விளக்கு, எரியும் விளக்கு இல்லை. பல் விளக்கு, பாத்திரம் விளக்கு என்கிறோமே, அந்த விளக்கு: துலக்கு, சுத்தம் செய். மாறு என்றால் குச்சி, மிலாறு. பருத்தி எடுத்து முடித்த காட்டில் நிற்கும் காய்ந்த செடியைப் பருத்திமாறு என்று கரிசல் பக்கம் இன்றும் சொல்கிறார்கள், பேச்சில் பருத்திமாரு. அப்படிப்பட்ட குச்சிகளையோ ஈர்க்கையோ சேர்த்துக் கட்டித் துலக்கினால் விளக்குமாறு. சீமாறு என்றாலும் அதே மாறுதான். ஒரு விளக்குமாற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் கயிறோ கம்பியோ போட்டு இறுக்கிய கட்டு, தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்த நுனி, கட்டு தளர்ந்தால் ஈர்க்கு உருவி வராமல் இருக்கக் குத்திவிட்ட ஒரு முளைக்குச்சி. செய்த விதம் பெயரிலேயே இருக்கிறது. குமரிப் பக்கம் போனால் இதே பொருள் வாரியல். வாரித் தள்ளுவதால் அந்தப் பெயர். தென்னந்தும்பில் செய்து நீளக் கம்பு போட்டதை இலங்கையில் தும்புத்தடி என்கிறார்கள்.

வீட்டுக் கருவிகளின் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறந்திருக்கின்றன. செய்யும் வேலையில் பிறந்தவை துடைப்பம், துருவி, திரிகை. செய்த பொருளில் பிறந்தவை செம்பு, தோசைக்கல். இந்த இரண்டாவது வகை எனக்கு மிகவும் பிடிக்கும். செம்பில் செய்ததால் செம்பு என்றார்கள், பேச்சில் சொம்பு. இன்று அது எவர்சில்வரில் வருகிறது, பிளாஸ்டிக்கிலும் வருகிறது, பெயர் மட்டும் மாறவில்லை. தோசைக்கல் இரும்பாகி எத்தனையோ காலம் ஆயிற்று, கல் போகவில்லை. அரிவாள்மணையில் அரி, வாள், மணை மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. அரியும் வாளைப் பொருத்திய மணை. உட்கார்ந்து காலால் அழுத்திக்கொள்ள மணை, இரண்டு கையும் காய்க்கு. வீட்டில் எல்லாரும் அருவாமணை என்றுதான் சொல்வோம், பலகையில் அரிவாள்மணை என்று எழுதி அடைப்புக்குள் அருவாமணை என்று போடுங்கள்.

அம்மிக்குக் கூட இருக்கும் குழவியையும் விட்டுவிடாதீர்கள். குழவி என்றால் குழந்தை. அரைக்கிறவர் கையில் அது புரள்வதைப் பார்த்தவர் யாரோ வைத்த பெயராக இருக்கலாம்.

வந்து சேர்ந்த சொற்களும் நிறைய. அலமாரி, மேசை, சாவி, பீப்பாய் எல்லாம் போர்ச்சுகீசியர் கப்பலோடு வந்தவை. தராசும் கூஜாவும் பாரசீகம். பாத்திரம் வடமொழி. இவற்றை ஒதுக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சாவியின் பக்கத்தில் திறவுகோல் என்றும், தராசின் பக்கத்தில் துலாக்கோல் என்றும் எழுதி வைத்தால் பிள்ளைகள் இரண்டையும் கற்றுக்கொள்வார்கள். இலங்கைத் தமிழர் சாவியைத் திறப்பு என்கிறார்கள். மேசை நாற்காலி வகையறாவை மொத்தமாகத் தளபாடம் என்கிறார்கள். நமக்குத் தளவாடம் என்றால் ராணுவத் தளவாடம்தான் நினைவுக்கு வருகிறது, அவர்களுக்குத் தளபாடம் என்றால் வீட்டுக் கட்டில்.

பொதுச்சொல்லிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. ராமநாதபுரம் பக்கம் ஏனம் என்பார்கள். ‘ஏனத்தைக் கழுவி வை’ என்றால் பாத்திரத்தைக் கழுவி வை. தஞ்சைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் இந்தச் சொல்லைக் கேட்கலாம். உங்கள் ஊர்ப் பாட்டிமார் எதைச் சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள். முறம் என்று சொல்லும் ஊரில் சுளகு என்றும், சுளகு என்று சொல்லும் ஊரில் முறம் என்றும் திருத்தவேண்டாம்.

உறியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலில் இருப்பதிலேயே அதன் பெயருக்குத்தான் வியக்கத்தக்க ஒரு சான்று இருக்கிறது. உறி என்பது உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்றுத் தாங்கி. நாலு புரி மேலே ஒரு முடிச்சில் சேர்ந்து, கீழே விரிந்து, நடுவில் ஒரு வளையத்தில் முடியும். அந்த வளையத்தில் பானை உட்காரும். பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் தயிரும் வெண்ணெயும் மேலே இருக்கும். நம் பானைகளுக்கு அடி உருண்டை, தரையில் தானாக நிற்காது. தரையில் வைத்தால் பிரிமணை வேண்டும், தூக்கி வைத்தால் உறி வேண்டும். பிரிமணை என்பதும் பிரி, மணை என்று பிரியும். வைக்கோல் பிரியைச் சுற்றிச் செய்த மணை.

எகிப்தின் செங்கடல் கரையில் குசைர் அல்-கதீம் என்று ஒரு பழைய துறைமுகம் இருக்கிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழாய்வு செய்தபோது, ஒரு ஜாடியின் ஓட்டில் தமிழ் பிராமி எழுத்துகள் கிடைத்தன. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார். கி.மு. முதல் நூற்றாண்டு. எழுதியிருந்தது ‘பானை ஒறி’. ஒறி என்பது நம் உறிதான்: உறியில் தொங்கவிடும் பானை. அரசன் பெயரோ வணிகன் பெயரோ அங்கே இல்லை. கப்பலேறிப் போன ஒரு தமிழ்ப் பாண்டத்தின் மேல், அது என்ன பொருள் என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் எழுதிய அதே சொல்லை இன்றைய எழுத்தில் எழுதிக் காட்டினால் உங்கள் பள்ளிப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்துப் புரிந்துகொள்ள முடியும். உறிக்குப் பக்கத்தில் இந்தச் செய்தியை அவசியம் எழுதி வையுங்கள். தட்டுமுட்டு என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளிவிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஓட்டை உடைசல் என்ற பொருள் எப்படி வந்தது என்பதற்கு வருகிறேன். நகை, பணம், நிலம், பத்திரம் என்று மதிப்புள்ளதை எல்லாம் பேர் சொல்லி எழுதிவிட்டு, மீதியை மொத்தமாகத் தட்டுமுட்டு என்று முடிக்கும் வழக்கம் வந்தது. பாகப்பிரிவினைப் பேச்சிலும் அப்படித்தான்: வீடு உனக்கு, காடு எனக்கு, தட்டுமுட்டுச் சாமானைப் பொம்பளைகள் பிரித்துக்கொள்ளட்டும். மீதி என்ற இடத்திலேயே நின்று நின்று, மதிப்பில்லாதது என்ற நிறம் அதற்கு ஏறிவிட்டது. ஆக்கிப் போட்டு, இடித்துப் புடைத்து, ஒரு குடும்பத்தைக் காலமெல்லாம் நடத்தியவை இவைதான். பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தவை என்பதாலும் கணக்கில் கடைசிக்குப் போயிருக்கின்றன என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஆனால் ஓர் இடத்தில் இந்தச் சொல் இன்னும் முழு எடையோடு நிற்கிறது. குடிசை தீப்பற்றிய செய்தியைப் பத்திரிகையில் பாருங்கள். ‘துணிமணிகள், ரேஷன் கார்டு, தட்டுமுட்டுச் சாமான்கள் எரிந்து சாம்பலாயின’ என்று இருக்கும். வருடம் தவறாமல் கோடையில் இந்த வரியைப் படிக்கிறோம். அங்கே தட்டுமுட்டு என்பது உடைசல் இல்லை. அந்தக் குடும்பம் சேர்த்த சொத்து மொத்தமும் அதுதான். மறுநாள் காலையில் உலை வைக்க ஒரு பானை, கிண்ட ஒரு கரண்டி, கழுவி வைக்க ஒரு குண்டான் அவர்களிடம் இல்லை என்று அந்த ஒரு சொல் சொல்கிறது. சொல்லின் பழைய பொருள், அதாவது புழங்கவும் வேலை செய்யவும் ஆன அத்தனையும், அங்கே அப்படியே இருக்கிறது.

எனவே மறுப்பவர்களிடம் இதைக் காட்டுங்கள். அதற்கு மேலும் தயங்கினால் ‘புழங்குபொருள்’ என்ற சொல் இருக்கிறது. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் அதைத்தான் எழுதுகிறார்கள், நல்ல சொல், தவறில்லை. ‘தட்டுமுட்டு’ என்று பெரிதாகவும் கீழே ‘நம் ஊர்ப் புழங்குபொருள்கள்’ என்று சிறிதாகவும் போட்டால் இருவருக்கும் சம்மதமாகிவிடும்.

ஒவ்வொரு பொருளின் அட்டையிலும் பெயரோடு நான்கு விவரம் எழுதச் சொல்லுங்கள்: ஊரில் அதை எப்படிச் சொல்கிறார்கள், எதில் செய்தது, என்ன வேலைக்கு, செய்தவர் யார். கடைசிதான் பெரும்பாலும் விட்டுப்போகும். உலக்கையைக் கடைந்த தச்சர், பூண் போட்ட கொல்லர், பானை வனைந்த குயவர், முறம் பின்னியவர் என்று எழுதுங்கள். முறத்துக்குச் சாணம் மெழுகியிருந்தால் அதையும் எழுதுங்கள். மூங்கில் சிம்பு கையில் ஏறாமலும், மாவு இடுக்கில் தங்காமலும் இருக்க மெழுகுவார்கள். உலக்கையின் பூண் இரண்டு முனையிலும் ஒரே மாதிரியா, வேறுவேறா என்று பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். வேறாக இருந்தால் எது குத்த, எது தீட்ட என்று வீட்டில் கேட்டுவரட்டும்.